கால்வாயில் மூன்றடி

1

என் பேத்தியின் பள்ளியில் ஒரு கேள்வி கொடுத்திருந்தார்கள். பருவநிலை மாறிக்கொண்டே போகிறது. ஓர் ஊர் அதைத் தாங்குவதற்குத் தன்னை எப்படித் தயார் செய்துகொள்ளலாம்? புத்தகம் பார்த்து எழுதக் கூடாது. அப்படி ஏதாவது செய்த ஒருவரைப் பேட்டி கண்டு எழுத வேண்டும்.

நித்யாவுக்குப் பன்னிரண்டு வயது. மெல்போர்னில் பிறந்தவள். அவள் அந்தத் தாளோடு கூடத்துக்கு வந்தபோது நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன். முப்பத்து நாலு வருஷம் அரசு அலுவலகத்தில் இருந்தவன். காஞ்சிபுரத்து மழையும் வெயிலும் காகிதமாக மாறி என் மேசைக்குத்தான் வரும். வறட்சி நிவாரணப் படிவம், வெள்ள நிவாரணப் படிவம் இரண்டும் எனக்கு மனப்பாடம். எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் என்னைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள்.

"பாட்டி, துலுக்காணம் அங்கிள் போன் நம்பர் குடு. இன்டர்வியூ எடுக்கணும்."

"தாத்தாவைக் கேளேன்டி, இங்கேயேதானே உக்காந்திருக்காரு," என்றாள் என் மனைவி சரோஜா.

"தாத்தா லெட்டர்தானே எழுதினாரு? இது ஏதாவது செஞ்சவங்களுக்கு."

சரோஜா சிரித்ததை நான் பார்க்கவில்லை. கரண்டி பாத்திரத்தில் தட்டுப்பட்ட விதத்தில் தெரிந்தது.

துலுக்காணம் யாரென்று சொல்லிவிடுகிறேன். என் அலுவலகத்தில் பியூனாக இருந்தவன். இப்போது காஞ்சிபுரத்தில் என் வீட்டு முன்னறையில் தங்கி வீட்டைப் பார்த்துக்கொள்கிறான். இந்தக் குறிப்பு அவன் மேல் எனக்குள்ள பொறாமையைப் பற்றியது. இதைச் சுற்றி வளைத்து, ஊரின் மேன்மை, உறவின் அருமை என்றெல்லாம் எழுதலாம். எனக்கு வயது அறுபத்தாறு. நேராகச் சொல்வதுதான் வசதி.

2

நாங்கள் மெல்போர்னில் மகள் வீட்டுக்கு வந்து குடியேறிய நாளிலிருந்து இங்கே மழை சரியில்லை. அணைகளில் தண்ணீர் எவ்வளவு என்பதைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி தினமும் அறிவிக்கிறார்கள். வீட்டு எண் ஒற்றைப்படை என்றால் ஒற்றைப்படைத் தேதியில்தான் செடிக்குத் தண்ணீர் விடலாம். இரட்டைப்படை வீட்டுக்கு இரட்டைப்படைத் தேதி. குளியலறைச் சுவரில் ஒரு மணற்கடிகாரம் ஒட்டியிருக்கிறது. நாலு நிமிஷத்தில் மணல் இறங்கிவிடும். அதற்குள் நாமும் வெளியே வந்துவிட வேண்டும். குளிக்கும்போது காலடியில் வாளி. அந்தத் தண்ணீர் எலுமிச்சைச் செடிக்கு. வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுவது என் வேலை. ஓய்வுபெற்ற பிறகு எனக்குக் கிடைத்த ஒரே பதவி.

விதிகளைப் படித்த முதல் வாரமே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தேன். முப்பத்தொன்றாம் தேதிக்கு அடுத்த நாள் ஒன்றாம் தேதி. இரண்டும் ஒற்றைப்படை. எங்கள் வீடு ஒற்றைப்படை. ஆக, தொடர்ந்து இரண்டு நாள் ஊற்றலாம். இதைத் தெளிவுபடுத்தக் கோரி உள்ளூர் அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்த பெண் சிரித்துவிட்டு, இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் என்றாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். அந்த உற்சாகத்தில், எங்கள் ஊரிலும் டாங்குகள் உண்டு என்றேன். அலுவலக ஆங்கிலத்தில் எங்களுக்கு ஏரி என்றால் டாங்க். இங்கே அது வீட்டோரம் வைக்கிற பிளாஸ்டிக் தொட்டி. என்ன நிறம் என்று கேட்டாள். கோடையில் அதற்குள் மாடு மேயும் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் மிக மெதுவாகப் பேசினாள்.

பக்கத்து வீட்டுக் கென் என்னைவிட மூத்தவர், தனியாக இருக்கிறார். அவர் வீடும் ஒற்றைப்படைதான். ஒன்றாம் தேதி காலையில் அவர் ரோஜாச் செடிகளைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். இன்றைக்கும் ஊற்றலாமே, விதி இடம் கொடுக்கிறதே என்றேன். "நேற்றுத்தானே ஊற்றினேன்," என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. அன்று முழுவதும் எனக்கு எரிச்சலாக இருந்தது. விதி எழுதத் தெரிந்த ஊர்களை நான் பார்த்திருக்கிறேன். விதி இடம் கொடுத்தும் அதைப் பயன்படுத்திக்கொள்ளத் தோன்றாத மனிதரோடு எனக்குப் பழக்கம் குறைவு. காஞ்சிபுரத்தில் அப்படி யாரும் கிடையாது என்று சரோஜாவிடம் சொன்னேன்.

"நம்ம தெருவுல இருந்தாங்களே," என்றாள். "நீங்க பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க."

3

எங்கள் வீடு சின்ன காஞ்சிபுரத்தில், பட்டு நெய்கிறவர்களின் தெருவில், கடைசிக்கு முந்தைய வீடு. நெசவுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அலுவலகத்துக்கு சைக்கிளில் போகிற தூரம் என்று வாங்கினேன். மற்ற எல்லா வீட்டிலும் தறி உண்டு. தரையில் பள்ளம் வெட்டி, அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கிற குழித்தறி. அந்தக் குழிகள்தான் தெருவின் மழைமானி. மழை கொஞ்சம் கூடினால் குழியில் ஈரம் கசியும். இன்னும் கூடினால் ஊற்றெடுக்கும். அதற்கும் மேலே போனால் தெருத் தண்ணீரே வாசல் வழியாக இறங்கி வரும். இறங்கி என்பது பிழையில்லை. தெருவுக்குத் திரும்பத் திரும்பத் தார் போட்டதில், படியேறிப் போன வீடுகளெல்லாம் படியிறங்கிப் போகிற வீடுகளாகிவிட்டன.

முன்பு ஐப்பசியும் கார்த்திகையும் பங்கு போட்டுக்கொண்டு பெய்யும். பிற்பாடு மழையின் போக்கே மாறிவிட்டது. இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காது. அப்புறம் வந்து இரண்டு நாளில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போய்விடும். தறிக்குழியில் முழங்கால் தண்ணீர் நின்றால் ஒரு வீட்டில் மாதக் கணக்கில் வேலை இல்லை. நனைந்த பட்டைத் திரும்ப வாங்க யாரும் கிடையாது.

தெருவில் இருந்தார்கள் என்று சரோஜா சொன்னது பாவு தாங்கியவர்களை, எழுதாத விதிக்குத் தாமாக வந்து நின்றவர்களை. சேலையின் நீள இழைகள் மொத்தத்தையும் பாவு என்பார்கள். காலையில் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து சரிசெய்வார்கள். அந்த நேரத்தில் தூறல் விழுந்தால் பட்டு போய்விடும். அதற்குத் தெருவில் ஒரு முறை இருந்தது. முதல் துளியைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் "பாவு!" என்று குரல் கொடுப்பார். உடனே வீட்டுக்கு ஒருவர் வெளியே வந்து தன் வாசலுக்கு நேரே நின்றாக வேண்டும். யார் வீட்டுப் பாவு, அவரோடு பேச்சு உண்டா இல்லையா என்ற கேள்வி கிடையாது. தன் வாசல் அகலத்துக்கு உள்ள பாவைக் கையில் தாங்கிக்கொள்ள வேண்டும். சுருட்டிக்கொண்டு வருகிறவர் தாண்டும்வரை விடக் கூடாது. ஒரு வாசல் காலியாக இருந்தால் அந்த இடத்தில் பாவு தரையில் விழும்.

எங்கள் வாசலுக்கும் ஓர் இடம் இருந்தது. நெய்யாதவன் வீடு என்று விலக்கவில்லை. அந்த இடத்தில் சரோஜா நிற்பாள். அடுப்பில் பால் இருந்தாலும் ஓடுவாள். திரும்பி வரும்போது தலையெல்லாம் நனைந்து, முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்பு என்னிடம் பேசும்போது வராத சிரிப்பு. பொறாமைக்கு முதல் தவணை அங்கேயே விழுந்துவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

"சூப்பிரண்டு சார் கைல பேனா தவிர வேற எதுவும் நிக்காதுபா," என்பார் கடைசி வீட்டு எத்திராஜ். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். என்னைக் கிண்டல் செய்ய மட்டும் தமிழுக்கு வருவார்.

4

எங்கள் வரிசையின் கொல்லைகளுக்குப் பின்னால் ஒரு கால்வாய் போகிறது. தெருவின் மழைத் தண்ணீரை வாங்கி, செவிலிமேட்டுப் பக்கம் ஒரு சின்ன ஏரியில் சேர்ப்பது அதன் வேலை. ஏரிக்குக் கீழே துலுக்காணத்தின் ஊர். அவன் அப்பா காலத்தில் அந்த ஊரில் யாருக்கும் சொந்தமாக நிலம் இல்லை. பிறகு ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கிடைத்தது. கிடைத்த நேரம் பார்த்து ஏரி வற்றிவிட்டது.

என் அலுவலகத்தில் இரண்டு கோப்புகள் இருந்தன. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். ஓய்வூதியம் அங்கிருந்துதான் வருகிறது. ஒன்று, தெருவில் தண்ணீர் தேங்குவது பற்றி எத்திராஜ் முதலானோர் கொடுத்த மனு. அது என் பிரிவு. இன்னொன்று, ஏரிக்குத் தண்ணீர் வராதது பற்றித் துலுக்காணத்தின் ஊரார் கொடுத்த மனு. அது மாடியில் வேறு பிரிவு. என் கோப்பை நான் பதினொரு வருஷம் நடத்தினேன். நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, நேர்முகக் கடிதம், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு என்று ஒன்றும் விட்டுப்போகவில்லை. இலக்கண சுத்தமான கோப்பு. பயிற்சிக்கு வரும் இளநிலை உதவியாளர்களுக்கு அதை மாதிரியாகக் காட்டுவார்கள்.

கோப்புகளை அலுவலகம் அலுவலகமாகக் கொண்டுபோனவன் துலுக்காணம். மழையில் நனையாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கயிறு போட்டுக் கட்டுவான். கட்டிவிட்டு இரண்டு தட்டுத் தட்டுவான், குழந்தையைத் தூங்கவைப்பது போல.

நாங்கள் ஊரை விட்டுக் கிளம்பியபோது அவனும் ஓய்வுபெற்றிருந்தான். வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவன் முன்னறைக்குக் குடிவந்தது பற்றித் தெருவில் ஒருவர் ஜாடையாக விசாரித்தாராம். பதில் சொல்ல நான் அங்கே இல்லை, விமானத்தில் இருந்தேன். ஆறு மாதம் கழித்து அதே ஆள் அவனிடம் வந்து, கால்வாய் விஷயமாக ஒரு மனு எழுதித் தரச் சொன்னாராம்.

"மனு வேணாம்பா, மம்பட்டி எடுத்தா," என்றிருக்கிறான்.

5

நடந்ததையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில்தான் தெரிந்துகொண்டேன். சரோஜா வெளிநாட்டு அழைப்பு அட்டையைச் சுரண்டி, அதிலுள்ள நீளமான எண்ணை ஒவ்வொன்றாக அழுத்தி, முதலில் அவளே பேசுவாள். எத்திராஜ் வீட்டம்மாவின் முழங்கால்வலி, யார் வீட்டில் என்ன விசேஷம் எல்லாம் முடிந்து, அட்டையில் மிச்சமிருக்கும் இரண்டு நிமிஷம் எனக்கு.

ஓர் ஐப்பசியில் தண்ணீர் தறிக்குழிக்குள் வந்தபோது, எத்திராஜ் துலுக்காணத்திடம் புலம்பியிருக்கிறார். அதற்கு அவன் சொன்ன பதிலை அவனே எனக்குச் சொன்னான்.

"உன் குழில நிக்கறது எங்க ஏரித் தண்ணிபா, குடுத்துடு, அப்டின்னேன் சார்."

"அதெப்படி உனக்குத் தோணிச்சு?" என்றேன். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டேன்.

"இன்னா சார் இப்டி கேக்கறீங்க? ரெண்டு பைல் கட்டையும் ஒரே கேரியர்லதான கட்டிக்கினு போனேன்? ரெண்டுலயும் ஒரே கால்வா பேருதான சார் இருந்திச்சி?"

இரண்டிலும் ஒரே பெயர்தான். பதினொரு வருஷம் கீழே இருந்த கோப்புக்கும் மாடியில் இருந்த கோப்புக்கும் நடுவே இருபத்திரண்டு படிகள். ஒரு நாள் ஏறிப் பார்த்திருந்தால் போதும். அட்டை தீர்ந்துவிட்டதாகச் சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது.

அடுத்தடுத்த ஞாயிறுகளில் மிச்சம் வந்து சேர்ந்தது. ஏரிக்குக் கீழே இருக்கிறவர்கள் மண் வெட்ட வந்தார்கள். தெருக்காரர்களுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. ஆனால் வரிசையில் நிற்கத் தெரியும். கொல்லைகளுக்கு நடுவே வண்டி நுழையாத சந்து அது. வெட்டிய சேற்றைக் கூடையில் வைத்து, பாவு தாங்குவதுபோல ஆளுக்கு ஆள் கை மாற்றி வெளியேற்றினார்கள். தலைமுறையாக ஒருவர் தெருவில் ஒருவர் காலெடுத்து வைக்க யோசித்தவர்கள் நடுவே கூடை கை மாறியது. யாரும் சமத்துவம் பற்றிப் பேசவில்லை. கூடை கனமாக இருந்ததால் பேச நேரமில்லை என்றான் துலுக்காணம்.

பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தெருவில் தண்ணீர் ஏறத் தொடங்கினால் எத்திராஜ் கடைத்தெரு பூத்திலிருந்து ஏரிக்கரை டீக்கடைக்குப் போன் செய்வார். "பாவு!" என்று ஒரே வார்த்தை. அங்கே கரையையும் மதகையும் பார்க்க ஆள் ஓடும். மழை பொய்த்த வருஷத்தில் ஏரிக்காரர்கள் ஊர்க் கிணற்றிலிருந்து தெருவுக்குக் குடிதண்ணீர் முறை வைத்து விட்டார்கள். அரசாணை எதுவும் இல்லை. நான் கேட்டுப் பார்த்தேன்.

கால்வாயை ஒட்டிக் கட்டியவர்கள் ஒவ்வொருவராக இடித்துக்கொண்டார்கள். எத்திராஜ் தன் விறகுக் கொட்டகையை முதல் ஆளாகப் பிரித்தாராம். கடைசியாக ஒரு சுவர் மட்டும் மிச்சம்.

6

இங்கே நான் ஒரு விஷயத்தைப் பதிவு செய்ய வேண்டும். மாதிரியாகக் காட்டப்பட்ட என் கோப்பில், பதினொரு வருஷத்தில், ஒரே ஒரு கடிதம் மட்டும் போகவில்லை. கால்வாயை அளந்து எல்லை காட்டும்படி நில அளவைப் பிரிவுக்கு எழுத வேண்டிய கடிதம். அதுதான் முதலில் போக வேண்டியது, கற்றுக்குட்டிக்கும் தெரியும். அளந்தால் எங்கள் குளியலறையின் பின்சுவர் கால்வாய்க்குள் மூன்றடி நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்துவிடும். வீடு வாங்கிய இரண்டாம் வருஷம் கட்டியது. கால்வாய் அந்த இடத்தில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்தாகிவிட்டது. குப்பை வந்து அடைப்பதும் அங்கேதான். கடிதங்களைச் சுமந்தவனுக்கு, எந்தக் கடிதம் தன் கேரியரில் ஒரு நாளும் ஏறவில்லை என்பது தெரியாமலா இருக்கும்?

அவன் அதைச் சொல்லிக்காட்டவில்லை. ஆவணியில் ஒரு கடிதம் போட்டான். "சார், எல்லார் இடமும் சரியாகிவிட்டது. நம்ம வீட்டுச் சுவர் மூணு அடி மட்டும் இருக்குது. இந்த ஐப்பசி மழைக்குள் எடுத்துவிட்டால் நல்லது. எத்திராஜ் தறியில் கல்யாணப் புடவை ஏறியிருக்குது. நீங்க சரி என்று சொன்னால் போதும்."

நம்ம வீட்டுச் சுவர். அந்த நம்ம என்ற சொல்லை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தொலைபேசியை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் உட்கார்ந்து பதில் எழுதினேன். "பெறுநர்: திரு. துலுக்காணம் அவர்கள். பொருள்: கொல்லைச் சுவர் அகற்ற இசைவு கோரியது தொடர்பாக. பார்வை: தங்களின் தேதியிடாத கடிதம்." பிறகு மூன்று பக்கம். சொத்தின் உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பதால், இசைவுக் கடிதம் தூதரக அதிகாரியின் சான்றொப்பத்தோடுதான் செல்லும் என்றும், அதற்குமுன் சுவரைத் தொடக் கூடாது என்றும் எழுதினேன். நடைமுறைப்படி ஒரு தவறும் இல்லாத கடிதம். அதை எழுதும்போது, காஞ்சிபுரத்தில் அவன் செய்துகொண்டிருந்த ஒரு காரியமாவது என் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறதே என்று எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி இருந்தது. பொறாமையில் சுகமும் உண்டு. யாரும் வெளியே சொல்வதில்லை.

சரோஜா கடிதத்தைப் படித்துவிட்டு மேசையில் வைத்தாள். "அந்தப் புடவைக்குப் பாவு போட்டப்ப நான் இருந்தா நின்னிருப்பேன்," என்றாள். "நீங்க இங்க இருந்துகிட்டே தரையில விடறீங்க."

அன்றே அதைத் தபாலில் போட்டேன். அவள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் நான் தூதரக அலுவலகத்தில் வரிசையில் நின்றேன். இரண்டு பிரதி, புகைப்படம், வீட்டுப் பத்திர நகல் எல்லாம் கொண்டுபோயிருந்தேன். அங்கிருந்தவர் பார்த்துவிட்டு, ஒரு சுவர் இடிக்க இவ்வளவும் தேவையில்லை சார் என்றார். சான்றொப்பமிட்ட இசைவுக் கடிதம் கைக்கு வரச் சில வாரம் ஆனது. பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதற்குள் புரட்டாசி முடிந்திருந்தது.

தபால் போய்ச் சேருவதற்குள் மழை போய்ச் சேர்ந்துவிட்டது.

செய்தியில் பார்த்துவிட்டு நானே எண்களை அழுத்தினேன். இரண்டு நாள் லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் துலுக்காணம் எடுத்தான்.

"சுவத்த இடிச்சிடுப்பா," என்றேன். "லெட்டர் வராட்டி பரவாயில்ல. இடிச்சிடு."

"தண்ணி வடிஞ்சிடிச்சி சார்."

"இடிச்சிட்டியா?"

"எப்டி சார் இடிப்பேன்? நீங்கதான் தொடக் கூடாதுன்னு எழுதி இருந்தீங்களே. செவுத்த யாரும் தொடல."

"பின்ன?"

"தெருல தண்ணி நம்ம வாசலாண்ட ஏறிக்கினே இருந்திச்சி. கால்வா செவுத்தாண்ட அடச்சிக்கிச்சி. நம்ம கொல்லக் கதவு அந்த செவுத்துக்குக் கீழாண்டதான சார் தொறக்குது? வாசக்கதவ தொறந்தேன், கொல்லக்கதவ தொறந்தேன். வூட்டுக்குள்ளாற பூந்து, கூடத்து வழியா போயி, அந்தாண்ட கால்வால வுழுந்திடிச்சி. ரெண்டு நாளு நம்ம வூடுதான் சார் கால்வா."

"வீட்டுக்குள்ளயா விட்டே?" என்றேன்.

"செவுரு இடிக்கத்தான் பர்மிசன் வோணும். கதவு தொறக்கறதுக்குமா சார்?"

அந்த வீட்டின் முன்னறையில் இருந்தது அவன் கட்டில், அவன் துணிமணி, அவன் பெட்டி. எல்லாம் தண்ணீரில் போயிருந்தன. என் அறையிலிருந்த மர அலமாரியை மட்டும் நாலு கல் மேல் தூக்கி வைத்திருந்தான். அதில் பழைய அரசாணைத் தொகுப்புகள் இருக்கின்றன. முப்பத்து நாலு வருஷம் விதிகளோடு வாழ்ந்தவன் நான். அவற்றுக்கு நடுவே ஒரு வாசலும் ஒரு கொல்லைக் கதவும் இருந்தது எனக்குத் தோன்றவேயில்லை. அவருக்குத் தோன்றியது. இதுவரை அவன் என்று எழுதிவிட்டேன், அலுவலகப் பழக்கம். இனி திருத்திக்கொள்கிறேன்.

பத்து நாள் கழித்துச் சான்றொப்பமிட்ட கடிதம் போய்ச் சேர்ந்தது. அதை எத்திராஜ் தெருவில் நின்று உரக்கப் படித்தாராம். பிறகு சுவரை இடித்தார்கள். கார்த்திகையில் மறுபடி பெய்தபோது ஏரி நிரம்பிக் கரை மேல் ஜனம் கூடி நின்றதாம்.

7

நித்யாவின் பேட்டிக்கு வருகிறேன். சனிக்கிழமை பிற்பகல், ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். நான் அடுத்த நாற்காலியில் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தேன். அவள் பாதி ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் துலுக்காணம் தயங்காமல் பதில் சொன்னார். "அதாம்மா, கரெக்டா சொன்னே" என்று நடுநடுவே அவளைப் பாராட்டினார். என்னிடம் அவர் இவ்வளவு பேசியதில்லை. அவளும் என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை.

அவள் ஒரு தாளில் தெருவை வரைந்தாள். வீட்டுக்கு ஒரு வட்டம். மழை வந்த அன்று யார் யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டு ஒவ்வொரு வட்டத்திலும் பெயர் எழுதினாள். தறிகளிலிருந்து எடுத்த பாவுச் சுருள்களை வரிசையில் கை மாற்றி, தெருமுனைப் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏற்றிய நாள் அது.

"கடைசி வீட்டுல எத்திராஜ் அங்கிள். அடுத்தது நம்ம வீடு. அங்க நீங்கதானே?"

"நான் கதவாண்ட இருந்தேம்மா. தண்ணில வந்த கட்டையெல்லாம் தள்ளி வுட்டுக்கினு. நம்ம வூட்டு எடத்துல ஆளு இல்ல."

"அப்போ எத்திராஜ் அங்கிளோட பாவு எப்படி இந்தப் பக்கம் வந்துச்சு?"

"எத்திராஜ் அந்தாண்டயிருந்து எட்டிக் குடுத்தாரு. இந்தப் பக்கத்து வூட்டம்மா எட்டி வாங்கிச்சி. நடுவுல தண்ணி. கொஞ்ச நேரம் ரெண்டு பேரு கைலயும் இல்லாத மாறிதான் இருந்திச்சி. அந்தம்மா புடிச்சிக்கிச்சி."

நித்யா அந்த வட்டத்தைக் காலியாக விட்டாள். பிறகு, "தாத்தா என்ன செஞ்சாருன்னு எழுதறது?" என்று கேட்டாள். தொலைபேசியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

செய்தித்தாளின் அதே வரியை நான் மூன்றாம் தடவை படித்துக்கொண்டிருந்தேன்.

"சார்தாம்மா செவுரு குடுத்தாரு," என்றார் துலுக்காணம். "அவரு மட்டும் செவுரு குடுக்கலன்னா ஏரி எப்டி ரொம்பும்?"

நித்யா எழுதத் தொடங்கினாள். நான் செய்தித்தாளை மடித்து வைத்தேன்.

"அப்படி எழுதாதே," என்றேன். "மூன்றடி ஆக்கிரமிப்பு. பதினொரு வருஷம் மறைத்தது. கேட்ட பிறகும் தாமதம். அப்படி எழுது."

"நிஜமாவா தாத்தா?" அன்று முதல் தடவையாக என்னைப் பார்த்தாள். "ஏன் மறைச்சீங்க?"

"இன்னா சார் நீங்க," என்றார் துலுக்காணம் ஸ்பீக்கரில். "கொழந்தகிட்ட போயி."

"நீங்க சும்மா இருங்க துலுக்காணம்," என்றேன். "பேட்டி இப்போ என்கிட்ட நடக்குது."

அவர் சிரித்தது கேட்டது. நித்யா ஒரு மணி நேரம் என்னைக் கேள்வி கேட்டாள். இரக்கமில்லாத கேள்விகள், நல்ல தணிக்கை அதிகாரியாக வருவாள். கடைசியில் தெருப்படத்தைத் திருப்பி வைத்து, காலி வட்டத்தின் மேல் பென்சிலை ஊன்றினாள்.

"இங்க உங்க பேரை எழுதட்டா? அடுத்த மழைக்கு நீங்க போவீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து சரோஜாவின் குரல் வந்தது.

"அது என் எடம்டி. உங்க தாத்தாவுக்கு வேணும்னா மனு போடச் சொல்லு."

மனுவை எழுதிக்கொண்டிருக்கிறேன். பெறுநர், கடைசி வீட்டு எத்திராஜ் முதலானோர். பொருள், வாசலுக்கு நேரே என் மனைவியின் பக்கத்தில் நிற்க ஓர் இடம் கோருதல். முந்தைய கடிதத்தைக் குறிக்கிற பார்வை என்ற இடத்தில்தான் எழுத ஒன்றுமில்லை. இதற்கு முன் நான் கேட்டதே இல்லை.